நாற்பது சிவப்பு டப்பா

இன்று காலையில் கூடத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கத்தியால் கீறினேன். பசையும் தூசியும் குளிர்ந்த காற்றும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். மற்றவர்களுக்குச் செத்துப்போன சிநேகிதனின் நினைவு மல்லிகையிலோ ஊதுபத்தியிலோ வரும். எனக்கு நீ மொத்த விற்பனைக் கடையின் அட்டை வாசனையில்தான் வருகிறாய். கோபித்துக்கொள்ளாதே. உன் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி அந்தக் கடையில்தானே போயிற்று.

உனக்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் பார்த்தேன். எழுதினால் இந்தப் பெட்டிகள் எதற்கு என்று கேட்பாய். நம் பெண்ணுக்குக் கல்யாணம். 'நம்' என்று எழுதக் கை கூசுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு. முதலில் உன்னைப் பற்றி நாலு வார்த்தை புறம் பேசிக்கொள்கிறேன், தெம்பு வரட்டும்.

சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரே மாடியில், நடுவில் இரண்டு சீனர் வீடுகள் விட்டு, உன் வீடும் என் வீடும். அந்தக் கடையிலோ எதையும் ஒரு குடும்பத்துக்கு ஏற்ற அளவில் விற்க மாட்டார்கள். சோப்பு என்றால் ஒரு விடுதிக்கு ஆகும். எண்ணெய் என்றால் கோவில் அன்னதானத்துக்கே காணும். அதனால்தான் சேர்ந்து வாங்கிப் பாதிப் பாதி போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு செய்தோம். நடைபாதையில் செய்தித்தாளை விரித்து நம் வீட்டுக்காரிகள் இருவரும் உட்கார்ந்து பங்கு போடுவார்கள். ஒருத்தி பிரிக்க வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். அடுத்த மாதம் முறை மாறும். இதில் சண்டைக்கே இடமில்லை என்று நீ பெருமையடித்துக்கொள்வாய். சண்டையெல்லாம் நம் இருவருக்குள்தான் வந்தது, தள்ளுவண்டியை யார் தள்ளுவது என்று.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் நீ ஒரு சட்டமே வைத்திருந்தாய். "கையில எடுத்ததும் மூணு கேளுடா. இது அழுகுமா, மணம் போகுமா, நமக்கே அலுத்துப்போகுமா? ஒண்ணுக்கு ஆமான்னாலும் திரும்ப வச்சிடு." கழிவறைத் தாள், துணி சோப்பு, குப்பைப் பை, பேட்டரி இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அரிசி, வண்டு வருவதற்குள் தின்று தீர்க்கிற வீடாக இருந்தால் வாங்கலாம். மிளகும் சோம்பும் மட்டும் தேக்கா சந்தையில்தான், கை நிறைய, அதற்கு மேல் ஒரு குண்டுமணி கூடாது. பெரிய புட்டியில் சத்து மாத்திரை வாங்குகிறவர்களைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு தாங்காது. "அத்தனையும் முழுங்கி முடிக்கிற வரைக்கும் இருப்போம்னு நம்பிக்கை பாரு," என்பாய். சொல்லிவிட்டு நீயும் ஒன்று வாங்கினாய்.

சட்டம் போட்டவனே அதை உடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வாளி அளவு மயோனீஸ் ஒன்று மலிவாய்ப் போட்டிருந்தான். நம் இரண்டு வீட்டிலும் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தவர்கள் கிடையாது. "சட்னி மாதிரி தொட்டுக்கலாம்லா," என்று தூக்கி வண்டியில் வைத்தாய். உன் வீட்டுக்காரி தோசையோடு வைத்துப் பார்த்தாள், உருளைக்கிழங்கில் பிசைந்து பார்த்தாள். கடைசியில் காலி வாளிதான் தரை துடைக்க உதவியது. அந்த மாதம் அவள் பங்கு பிரித்தபோது மயோனீஸைப் பிரிக்கவில்லை. "இது முழுசும் எங்க வீட்டுப் பாவம் அண்ணி, நாங்களே கழுவிக்கிறோம்," என்றாள் என் மனைவியிடம்.

நீ போன அன்றைக்கு நம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டதும், வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலும் வேர்க்கடலையும் வாங்க நான்தான் ஓடினேன். வேறெங்கே, அந்தக் கடைக்குத்தான். வண்டி நிறையத் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கல்லாவில் இருந்த சீனப் பெண்மணி, "வாவ், பார்ட்டியா அங்கிள்?" என்றாள். "எஸ்" என்று சொல்லிவிட்டேன். பின்னால் வரிசை நின்றது, விளக்க நேரமில்லை. வெளியே வந்ததும் உன்னிடம் சொல்லிச் சிரிக்கப் போனைக்கூட எடுத்துவிட்டேன்.

தெம்பு வந்ததோ இல்லையோ, இனிமேல் தள்ளிப்போட முடியாது.

எனக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. என் மகள் பெரியவளானபோது அத்தை முறைக்கு யார் நிற்பது என்று எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். உன் வீட்டுக்காரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் இருக்கேன்லா," என்று முன்னால் வந்தாள். முதல் தண்ணீர் ஊற்றியது அவள்தான். அன்றிலிருந்து எனக்கு அவள் தங்கச்சி, என் மகளுக்கு அத்தை. உரிமையோடு அடித்தும் இருக்கிறாள். என்னைச் சொல்கிறேன், மகளை அல்ல.

இப்போது கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை வீட்டிலேயே நலங்கு வைக்கிறோம். பெண்ணை மணையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் வரிசையாக வந்து சந்தனமும் மஞ்சளும் பூசுவார்கள். முதலில் பூச வேண்டியவள் அத்தை. யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச, புக்கிட் பாத்தோக்கிலிருந்து என் மனைவியின் அக்கா வந்திருந்தாள். தன் நாத்தனார் பெண்ணை அத்தை இடத்தில் நிறுத்திவிடலாம் என்றாள். "அப்ப இவங்க?" என்று உன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.

மூத்தவள் என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவர் போயி வருஷங்கூடத் திரும்பலையே தம்பி. கூப்பிட்டா அவங்களுக்கேதான் சங்கடமா இருக்கும்."

எவ்வளவு வசதியான பேச்சு, பார். நம் அசிங்கத்தை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, பாவம் கனக்குமே என்று நாமே பரிதாபமும் பட்டுக்கொள்ளலாம். சமூக மன்றத்துத் தீபாவளி மேடையில் பூனை குறுக்கே போனதையும் பல்லி விழுந்ததையும் கிண்டலடித்துக் கைதட்டு வாங்குகிறவன் நான். நீ முன்வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துக் காரியத்தைக் கெடுப்பாய். அப்பேர்ப்பட்ட நான் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "அதுவும் சரிதான்," என்றேன். சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு மட்டும் அவளுக்குப் பத்திரிகை அனுப்பினோம், வாட்ஸ்அப்பில். நாலு எட்டு வைத்தால் எட்டிவிடுகிற வீட்டுக்கு வாட்ஸ்அப். நேரில் போனால் தட்டில் இருக்கும் குங்குமத்தை நீட்டுவதா வேண்டாமா என்று கை தடுமாறும் அல்லவா, அதற்குத்தான். கூப்பிய கைகளையும் ஒரு பூவையும் பதிலுக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து நான் கோடியில் இருக்கிற லிஃப்டில்தான் இறங்குகிறேன். நடந்தால் சர்க்கரை குறையும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மகளிடம் விஷயத்தை உடைக்கவில்லை. "நலங்குல அத்தைதானே ஃபர்ஸ்ட்?" என்று போன வாரம் கேட்டாள். அவள் அம்மா அடுப்பைப் பார்த்தாள், நான் போனைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைக்குப் போனேன். தண்ணீர், பேக்கட் பானம், காகிதக் குவளை எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. நலங்குக்கு வருகிற பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா வேண்டும். கறுப்பில் ஒரு வகை கண்ணில் பட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினால், கொஞ்ச தூரத்தில் உன் வீட்டுக்காரி. நான் என்ன செய்தேன் என்கிறாய். இந்த வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, கழிவறைத் தாள் மலைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

வண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"அண்ணே, வயிறு தெரியுது."

வெளியே வந்தேன். விலை பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். "விலை முன்பக்கம்லா போட்டிருக்கான்," என்றாள். பேச்சை மாற்ற அவள் வண்டியைப் பார்த்தேன். சோப்பு, எண்ணெய், தாள் எல்லாம் நாம் வாங்குகிற அதே பழைய அளவு. உன் மகன் மெல்பர்னில் இருக்கிறான், வீட்டில் அவள் ஒருத்தி.

"ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"பாதி உங்க வீட்டுக்குத்தாண்ணே. மாசா மாசம் பிரிச்சு எடுத்து வைக்கிறேன், நீங்கதான் வந்து எடுத்துக்கறதில்ல. ஸ்டோர் ரூமா வச்சிருக்கிற பாம் ஷெல்டர்ல இப்ப நிக்கவே இடமில்ல. குண்டு கிண்டு விழுந்தா உங்க பங்கு பொழைச்சுக்கும், நான் வெளியதான் நிக்கணும்."

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதற்குள் அவள் கண் என் வண்டிக்குப் போய்விட்டது. தண்ணீரைப் பார்த்தாள், டப்பாக்களைப் பார்த்தாள்.

"நலங்குக்காண்ணே?"

"சும்மா, வீட்டளவுல..." என்றேன். மேடையில் மணிக்கணக்காய் ஓடுகிற வாய்க்கு அதற்கு மேல் வரவில்லை. அவள் மெல்லத் தலையாட்டினாள்.

அப்படியே போயிருக்கலாம் அவள். போகவில்லை. கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது வேணாம்ணே, மூடி நிக்காது. குங்குமம் எல்லாம் பையில கொட்டிப்போகும். அதோட கறுப்பு. நல்ல காரியத்துக்குப் போயி யாராச்சும் கறுப்பு குடுப்பாங்களா? அந்தக் கோடியில செவப்பு இருக்கு, வாங்க."

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். கறுப்பையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். சிவப்பை ஒவ்வொன்றாய்த் திறந்து, விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அடுக்கினாள்.

"எத்தன பேரு?"

"முப்பது."

"நாப்பதா எடுங்க. ஒருத்தங்களக் கூப்பிட்டா மச்சினியக் கூட்டிக்கிட்டு வருவாங்க. இல்லன்னு சொல்ற மாதிரி வச்சிக்கக் கூடாது." கடைசி அடுக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்குன்னு சேத்துக்காதீங்க அண்ணே. வீட்ல டப்பா நெறையக் கெடக்கு."

அந்த முப்பதில் அவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று அதையும் தானே சொல்லி முடித்துவிட்டாள். காரில் வீடு வரைக்கும் எண்ணெய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நான் 'ம்' கொட்டினேன்.

வீட்டில் என் மனைவி ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. நீங்க எடுத்த மாதிரி தெரியலையே. யார் எடுத்தா?"

"அவங்க," என்றேன். நடந்ததைச் சொன்னேன், தாள் மலையை மட்டும் விட்டுவிட்டு. பிறகு அதையும் சொன்னேன்.

மூடியைத் திறந்தாள், மூடினாள். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். "தட்டை எடுங்க."

"உங்க அக்கா?"

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அங்க வந்து ஜோக்கு எதுவும் அடிக்காம இருந்தா போதும்."

உன் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் மாலையோடு நீ. உன் முகத்தைப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள். என் மனைவி தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள், குங்குமம் எல்லாம் இருந்தது. "நீங்கதான் அத்தை. முதல்ல நீங்கதான் பூசணும்," என்றாள். தங்கச்சி தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். தேநீரைக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வரல அண்ணி. கோபமெல்லாம் இல்ல, உண்மையாவே இல்ல. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, மொதல்ல சந்தனம் தொட்டது யாருன்னு ஒரு பேச்சு வரும். அத எங்கிட்ட வந்து யாரும் சொல்ல மாட்டாங்க. உங்களுக்குள்ளயே பேசிக்குவீங்க. எனக்கு அது தெரியாமயும் போகாது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அப்படியெல்லாம் யாரும் பேச மாட்டோம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். மூத்தவள் முகம் வந்தது. ஏழாம் மாடிப் பெண்ணுக்குக் குழந்தை தங்காமல் போனபோது, அவள் வளைகாப்புக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று இந்தப் புளோக்கில் மாடி மாடியாகக் கொண்டுபோய்ச் சொன்ன ஓர் ஆளின் முகமும் வந்தது. அந்த ஆளைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டேன். தேநீர் ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு வந்தோம். தட்டை நாங்கள் கேட்கவில்லை, அவளும் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். சாப்பிடும்போதுகூட அதுதான் உறுத்துகிறது. சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். ஊர் வாய்க்கு நான் எங்கே போவேன்? என்னுடைய ஒரு வாய்க்குத்தான் உறுதி கொடுக்க முடியும். அந்த வாயின் யோக்கியதை உனக்குத் தெரியும், அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நாளைக்குப் போய் அதைத்தான் சொல்லப் போகிறேன். கொண்டுபோய்க் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லையடா.