குடோன் லிண்டலில் வடிந்த தண்ணீர்

24.7.2006, திங்கள்

மிஷின் ஓட ஆரம்பித்து இன்றோடு பத்து நாள். நான்கு கலர் ஆப்செட் அச்சு மிஷின். தூத்துக்குடியில் இறக்கி, சிவகாசி பக்கத்து விஸ்வநத்தம் வரை லாரியில் பூப்போலக் கொண்டுவந்தது. அதற்கென்றே ஏ.சி. ஹால். கட்டடத்துக்கு வரைபடம் போட்டது நான். டிப்ளமோ முடித்து இரண்டாவது வருடத்தில் இவ்வளவு பெரிய வேலை. பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றும் எங்கப்பா புதுப்பட்டித் தெருவில் ஒரு ஆள் விடாமல் சொல்லிவிட்டார்.

இன்று காலை ஹாலுக்கும் பக்கத்துக் குடோனுக்கும் நடுவில் உள்ள பெரிய வாசலில் தண்ணீர். வாசல் தலைக்கு மேல் சுவரைத் தாங்குகிற லிண்டல் இருக்கிறதல்லவா, அதன் குடோன் பக்கத்திலிருந்து சொட்டுகிறது. கீழே அடுக்கியிருந்த முருகன் காலண்டர் தாள் நாற்பதுக்கு மேல் நனைந்துவிட்டது.

மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. எங்கிருந்து வருது இந்தத் தண்ணி?

26.7.2006

இன்றும் சொட்டியது. கொத்தனார் இருளாண்டி மாமா மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். கருவாடு மாதிரி காய்ந்து கிடக்கிறதாம். "ஏத்தா, மேல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. சுவத்துக்குள்ள பைப்பு கிய்ப்பு போகுதா?" என்றார். போகவில்லை. வரைந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

மாமா எங்கள் தெருக்காரர், அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். முதலாளி இராமகிருஷ்ணன் சாரிடம் என் பேரைச் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

30.7.2006, ஞாயிறு

பிரஸ் லீவு. சும்மா போய்ப் பார்த்தேன். லிண்டல் காய்ந்திருக்கிறது. தண்ணீருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவா?

3.8.2006, வியாழன்

ஆடிப் பதினெட்டு. காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற நாள். ஊர் ஊரிலிருந்து ஏஜெண்டுகள் வந்தார்கள். பூஜை, சர்க்கரைப் பொங்கல், புது டிசைன் புரட்டல், பிறகு புது மிஷினைப் பார்க்க எல்லோரும் உள்ளே. கோயம்புத்தூர் ஏஜெண்டு சரியாக அந்த வாசலில்தான் நிற்கவேண்டுமா? வெள்ளைச் சட்டைத் தோளில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"என்னங்க அண்ணாச்சி, புதுக் கட்டடம் இப்பவே அழுவுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு சிரிக்கவில்லை. மாமாவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"கொத்தனாரே, மேல தளம் போட்டது நீருதான?"

"ஆமா மொதலாளி. தண்ணி கட்டி நிறுத்திப் பாத்துட்டுத்தான் விட்டேன்."

"பெறகு இது எங்கன இருந்து வருது? நாளையில இருந்து இந்தப் பக்கம் வராதீரும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தளம் நன்றாகத்தான் போட்டார், நான் கூடவே நின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? பயம்தான். வேறென்ன.

11.8.2006

விருதுநகரிலிருந்து வேறு கொத்தனார். மாடித் தளம் முழுவதையும் கொத்தி எடுத்துப் புதுசாகப் போட்டுவிட்டார். போகும்போது "பழைய வேல சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவன் வேலையை நல்ல வேலை என்று சொன்ன கொத்தனார் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

தண்ணீர் அப்படியே சொட்டுகிறது.

16.8.2006

முதலாளியின் தம்பி மல்லாங்கிணற்றில் கல்யாண மண்டபம் கட்டுகிறார். இருளாண்டி மாமாவுக்குப் பேசி வைத்திருந்த வேலை. அதுவும் போய்விட்டதாம். அம்மா சோறு போடும்போது சொன்னாள். "ஒழுகுற வீடு கட்டுறவன்னு பேரு கட்டிட்டாகளே, இனி அந்த மனுசன எவன் கூப்பிடுவான்?" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

21.8.2006

என்னால் முடிந்தது ஒன்று செய்தேன். மாடியில் வாசலுக்கு நேர் மேலே பாத்தி கட்டி, தண்ணீர் நிரப்பி, அரை பாட்டில் சொட்டு நீலம் கலந்தேன். இரண்டு நாள் விட்டேன். கீழே சொட்டுவது வெள்ளைத் தண்ணீர்தான். நீலம் கொஞ்சம்கூட இல்லை.

அப்படியென்றால் மாடி இல்லை. மாமா மேல் தப்பு இல்லை. பிறகு?

இன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. சொட்டு நின்றுபோனது. தண்ணீருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏ.சி. மெக்கானிக் மகேஷ்குமாரைக் கேட்டேன். ஏ.சி. தண்ணீர் தனிக் குழாயில் பின்பக்கம் போகிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்தேன். ஒழுங்காகத்தான் போகிறது.

தலை சுற்றுகிறது.

30.8.2006

குடோனைப் பார்க்கிற வெள்ளைத்தாய் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி லிண்டலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இரும்பத் தொட்டுப் பாருங்க, ஐஸு மாதிரி இருக்கு" என்றாள். தொட்டேன். குடோனில் வேர்த்துக் கொட்டுகிறது, அந்த இரும்பு மட்டும் ஜில்லென்று.

துடைத்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் பொடிப் பொடியாக நீர் முத்து. மேலேயிருந்து வரவில்லை. ஓட்டை வழியாக வரவில்லை. காற்றிலிருந்து வந்து உட்காருகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இரும்பு—

31.8.2006

நேற்று எழுத வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

மே மாதம் மாமா சொன்னார். "காங்கிரீட் லிண்டல் போடுவோம்த்தா. பதினஞ்சு நாளு தண்ணி விட்டம்னா கல்லு மாதிரி நிக்கும்." மிஷின் கப்பல் ஏறியாகிவிட்டது, பதினைந்து நாளுக்கு எங்கே போவது? நான்தான் இரும்பு வைப்போம் என்றேன். சுவரின் ஹால் பக்கம் ஒரு கர்டர், குடோன் பக்கம் ஒரு கர்டர். இரண்டையும் சேர்த்து அடியில் சுவர் அகலத்துக்கு ஒரே தகடு, வெல்டிங் வைத்து. தகடு என் யோசனை. பலமாக இருக்கும் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

ஹாலில் ஏ.சி. காற்று வருகிற வாய் சரியாக அந்தக் கர்டருக்கு நேரே இருக்கிறது. அந்தப் பக்கம் குளிர்ந்தால் தகடு வழியாகக் குளிர் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. செங்கலென்றால் வழியிலேயே தடுத்திருக்கும். காங்கிரீட்டென்றாலும் இவ்வளவு கடத்தாது. பாடத்தில் படித்ததுதான், இரும்பு சூட்டையும் குளிரையும் கடத்தும் என்று. மார்க்கும் வாங்கினேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இந்த ஊர்க் காற்றில் இவ்வளவு ஈரம் ஏது?

14.9.2006

ஈரம் எங்கே என்று தேடித் தேடி, தினமும் அதற்கடியில்தான் நடந்திருக்கிறேன்! சாக்கு!

நம் ஊர் வெயிலில் தாள் காய்ந்து ஓரம் சுருண்டுவிடும். சுருண்ட தாள் மிஷினில் ஏறாது. அதனால் சிவகாசியில் குடோனில் ஈரச் சாக்கு தொங்கவிடுவது பழக்கம். வெள்ளைத்தாய் அக்கா கொடியில் இருபது சாக்கு கட்டி, நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் தெளிக்கிறாள். தரையிலும் தெளிக்கிறாள். புதுத் தாள் என்று முதலாளி இரட்டிப்பாகக் கட்டச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை சாக்கும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது.

இன்று ஒரு நாள் தெளிக்காதீர்கள் என்று அக்காவைக் கேட்டுக்கொண்டேன். மாலைக்குள் சொட்டு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. தாளும் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. முதலாளி அக்காவைத் திட்டு திட்டென்று திட்டினார். அக்கா என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இது இரண்டாவது தடவை.

காலண்டர் பிரஸ்ஸில் ஈரச் சாக்கு இல்லாமல் முடியாது. ஆக, தப்பு தகட்டில்தான். தகட்டில் என்றால் என்னிடம்தான்.

22.9.2006

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

29.9.2006

சொல்லவில்லை.

முதலாளி ஊரில் இல்லை என்று ஒரு நாள். கோபமாக இருக்கிறார் என்று ஒரு நாள். சந்தோஷமாக இருக்கிறார், எதற்குக் கெடுக்க வேண்டும் என்று ஒரு நாள். காரணத்துக்கா பஞ்சம்? வேலை போனால் அப்பா தெருவில் எப்படி நடப்பார் என்று நினைக்கிறேன். இருளாண்டி மாமா இப்போது எப்படி நடக்கிறார் என்று நினைக்கமாட்டேனா? நினைக்கத்தான் செய்றேன். நெனச்சு என்ன பிரயோசனம்.

5.10.2006

மாமாவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். சாத்தூர் பக்கம் யாரோ மாட்டுக்கொட்டகை கட்டுகிறார்களாம், சித்தாள் வேலைக்குப் போகிறார். கொத்தனாராக இல்லை, சித்தாளாக! "நல்லா இருக்கியாத்தா?" என்றார். பஸ் வந்துவிட்டது. நல்லவேளை என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்து இப்போது அழுகை வருகிறது.

6.10.2006

சொல்லிவிட்டேன்.

தாளில் படம் போட்டுக் காட்டினேன்: இது ஹால், இது குடோன், இது நான் வைத்த தகடு, இப்படிக் குளிர் வருகிறது, சாக்கு ஈரம் இப்படி வந்து படிகிறது. தப்பு என்னோடது சார் என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்புட்டுத்தானா? சரி விடும்மா. சின்னப் புள்ள, பழகப் பழகத்தான் வரும். தண்ணிய நிப்பாட்டுறதுக்கு வழி பாரு. அந்தக் கொத்தனாரையும் வரச் சொல்லு" என்றார்.

அம்புட்டுத்தானாம்!

வெளியே வந்து நின்றேன். சந்தோஷப்படுவதா? எனக்குப் புரியவில்லை. அதே தண்ணீர். செய்யாதவரை விரட்டினார், செய்தவளை விடு என்கிறார். முகத்தில் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

8.10.2006, ஞாயிறு

மாமா வீட்டுக்குப் போனேன். முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார் என்றேன், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுண்ணாம்பு ஒட்டிய நகத்தைச் சுரண்டினார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஆவணியிலயே தெரியும் மாமா."

அவருடைய சம்சாரம் ஞானசுந்தரி அத்தை காப்பி போட எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காப்பி வரவில்லை.

23.10.2006, திங்கள்

தீபாவளி லீவில் வேலை முடிந்தது. குடோன் தாளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, சுவருக்கு முட்டுக் கொடுத்து, தகட்டை நடுவில் நீளமாக கேஸ் கட்டரால் அறுத்தோம். ஊரே வெடி வெடிக்க, நாங்கள் ஒரு பொறிக்குப் பயந்து மணல் வாளியோடு நின்றோம். இப்போது இந்தப் பக்க இரும்பு அந்தப் பக்க இரும்பைத் தொடாது. இடையில் தெர்மாகோல் செருகி, ஹால் பக்கமும் ஒட்டி மூடியாகிவிட்டது. ஏ.சி. வாயையும் மகேஷ்குமார் திருப்பிவிட்டார்.

இருளாண்டி மாமாதான் செய்தார். மூன்று நாளும் டேப்பைக் கொடு, முட்டைப் பிடி என்பதோடு சரி. முடித்ததும், "வாயால சொன்னா எவன் கேப்பான்? என் வேலையில கொற இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நீர் வடிந்ததற்கும் கொத்தனார் இருளாண்டியின் வேலைக்கும் சம்பந்தமில்லை, லிண்டலின் இரும்புத் தகடே காரணம். கையெழுத்து, தேதி. தகட்டை வைத்தது யார் என்று எழுதவில்லை. அவர் கேட்கவில்லை.

2.11.2006

மழை பிடித்துவிட்டது. இருபது சாக்கும் தொங்குகிறது. லிண்டல் காய்ந்திருக்கிறது.

18.2.2007, ஞாயிறு

மல்லாங்கிணற்றில் கருப்பணன் என்பவர் வீடு கட்டுகிறார். வரைபடம் காட்ட என்னை வரச் சொல்லியிருந்தார். போனால் அங்கே இருளாண்டி மாமா. அவரும் வேலை கேட்டு வந்திருக்கிறார்.

"நீருதான ஒழுகுற பிரஸ்ஸு கட்டுனவரு?" என்றார் கருப்பணன். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் தாள். லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். மூலைகள் தேய்ந்திருந்தன. எத்தனை பேரிடம் நீட்டினாரோ.

கருப்பணன் படித்துவிட்டு, "சரி, அந்தத் தகட்ட வச்ச மடப்பய யாரு?" என்று கேட்டார்.

மாமா கீழே மணலைப் பார்த்தார். இப்போதும் என் பேரைச் சொல்லவில்லை. லேமினேட் பண்ணிய தாளில் இனி ஒரு வரி சேர்த்து எழுத முடியாது. "நான்தாங்க" என்றேன்.

மாமாவுக்கு வேலை கொடுத்துவிட்டார், நாளை பூமி பூஜை. என் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து, சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

பஸ் ஸ்டாப் வரை மாமா கூட வந்தார். பஸ் கூட்டமாக வந்தது; கசங்காமலிருக்க என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிக்கொண்டு, நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.