கல் பெஞ்சில் உங்கப்பாவுக்கு ஒரு வரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், தையல் கடையையும் திறந்துவிட்டேன், என்னை நினைத்து நீ கலங்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? பேரனுக்குக் காதை மூடி வெளியே அனுப்பு, அவனுக்கு உங்கப்பா உடம்பு, குளிர்காற்று பட்டால் உடனே சளி பிடிக்கும். என் எழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கும், பொறுத்துப் படி. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மைதானத்து வாசலில் அப்பா பேரில் போடுகிற கல் பெஞ்சுக்கு 'விளையாட்டு வீரர், இசை மேதை, மக்கள் தலைவர்' என்று நீ எழுதி அனுப்பினாயே, அதை நான் வெட்டவிடவில்லை. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ எழுதினதைக் கடையில்தான் வாசித்தார்கள். தினமும் அப்பாவிடம் வந்து உட்கார்ந்து பேசுகிற அதே மூன்று பேர், பஸ் ஓட்டுகிற, பந்தாட்டப் பைத்தியம் என்பதால் நாம் ஆஃப்சைடு என்று கூப்பிடுகிறவர், வயலின் வாத்தியார், கட்சிக்கார அண்ணன். அப்பா போனபிறகும் சாயங்காலமானால் வந்துவிடுகிறார்கள், ஆனால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, நான் மிஷினை மிதிப்பேன், அவர்கள் தரையில் கிடக்கிற துண்டுத்துணியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். உன் வரியைக் கேட்டதும்தான் அவர்களுக்கு உயிர் வந்தது. "வீரர்னு பாப்பா மொதல்ல போட்டுச்சு பாருங்க, அதான் சரி, அண்ணன் ஆட்டத்தச் சொன்னா நேர்ல பாக்கற மாதிரி இருக்கும்" என்றார் ஆஃப்சைடு. இசைதான் முதலில் வர வேண்டும் என்றார் வாத்தியார். கட்சிக்கார அண்ணனோ, "தலைவர்ங்கறத பெருசா வெட்டணும், மத்தது ரெண்டும் கீழ பொடியா இருந்தாப் போதும்" என்று நின்றார். பந்தா, பாட்டா, கட்சியா என்று தினமும் அப்பாவோடு போட்ட சண்டையை இப்போது அப்பாவை வைத்துப் போட்டார்கள். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்க யாரோ பெரிய மனுஷரைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிட்டது, நான் கட்டிக்கொண்டவரை அதில் காணோம். செத்தது ஒரு தடவை போதாதா, இன்னொரு தடவையும் என்னிடமிருந்து தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று இருந்தது. மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினேன்.

அவர் எங்கே பந்து ஆடினார் பாப்பா? கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வைத்த போட்டியில் ஆள் குறைகிறதென்று கோலில் நிறுத்தினார்கள், இவர் கம்பத்துக்குப் பின்னால் நின்றவரிடம் திரும்பி, அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார், பந்து பாட்டுக்கு உள்ளே போய்விட்டது. வாத்தியார் கச்சேரிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போவார், மெதுவாக இழுக்கிற இடம் வந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்குவார், கைதட்டல் கேட்டால் எழுந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவார். தையல்காரர் சங்கத் தேர்தலில் ஒரு தடவை நின்றார், எதிரில் நின்றவர் நன்றாகப் பேசினாரென்று தன் ஓட்டையும் அவருக்கே போட்டுவிட்டு வந்தார். இவரா மக்கள் தலைவர்?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தப்பாகப் பேசிவிட்டோமோ என்று பார்த்தால் வாத்தியார்தான் முதலில் சிரித்தார். "எனக்குத் தெரியும்மா, மேடையிலேருந்து பாப்பேன், அவர் தூங்கிட்டார்னா அன்னிக்கு வாசிப்பு நல்லா அமைஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். "அந்த கோல் நான் போட்டதுதான் அண்ணி" என்று சிரிக்க ஆரம்பித்த ஆஃப்சைடு, கடைசியில் துண்டுத்துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பெரியவர்கள் வாழ்க்கையைப் போடுவார்களே, மலை ஏறினவர், நாட்டுக்காக ஜெயிலில் கிடந்தவர், அதையெல்லாம் அப்பா சத்தமாக வாசிப்பார், நான் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்பேன். இவ்வளவும் செய்தாரே, அவர் வீட்டுத் துணியை யார் துவைத்தது என்று கேட்டால், அதைப் போடலையே என்று தேடிப் பார்ப்பார். அந்தப் பெரியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கப்பாவிடம் ஒன்று இருந்தது. பேச்சில் தோற்றால் சிரிப்பார், மறுநாள் அவர்களிடமே போய், ராத்திரி யோசிச்சேன், நீங்க சொன்னதுதான் சரி என்பார். பந்தாட்டத்திலாவது தோற்றவர்கள் கை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அரசியலில் அப்படி ஒருத்தரை எனக்குக் காட்டு பார்க்கலாம்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து கடைசி நேரத்துக்கு வர முடியவில்லையே என்கிற வேதனையைக் கல்லில் பெரிய எழுத்தாக வெட்டி ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறாய். அப்பாவுக்கு உன்மேல் வருத்தம் துளியும் இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம், என் மகள் ஊரில் இப்போது மணி இன்னது என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார், அதையும் தப்பாகத்தான் சொன்னார்.

கல் கொத்துகிறவர் வந்தபோது, பேருக்குக் கீழே 'தையல்காரர், பேசப் பிடிக்கும்' என்று வெட்டச் சொன்னேன். கட்சிக்கார அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது, "இதுல என்னம்மா பெருமை இருக்கு" என்றார். "பெருமை வேணும்னா உங்க பெஞ்சுல வெட்டிக்குங்கண்ணே" என்றேன், அவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மூன்று பேரும் பழையபடி பேசுகிறார்கள், மிஷின் சத்தம் எனக்கே கேட்பதில்லை. கத்தரியை எடுக்கும்போதுதான் அவர் ஞாபகம் வந்து கை நின்றுவிடும். அழுவேன், அழுது முடித்துவிட்டு அடுத்த துணியை எடுப்பேன், எனக்கு அது முடிகிறது.

அடியில் ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன், அது உனக்கு. லீவு கிடைக்கிறபோது வா, அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார், உனக்குத் தெரிந்த அப்பாவை எழுது. அதுவரை வெறும் கல்லாகவே இருக்கட்டும், கேட்கிறவர்களுக்கு மகள் வந்து எழுதுவாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், என் வாழ்த்து எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, நான் செய்தது சரியில்லை என்று தோன்றினால் மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் போன் பண்ணிச் சண்டை போடு, வீட்டுக்குள் என்னை மறுத்துப் பேச இப்போது ஆள் இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா