பத்தொன்பதாம் நம்பர் ஜெர்சியின் காலர்

அன்பு மகன் பெரியவனுக்கு, உன்னைப் பெற்றவள் லாண்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி மேஜை மேல் தாளை வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், வாய் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சுகமாக இருக்கிறது. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், போட்டோவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. போன வாரம் அனுப்பினாயே, அதில் உன் வெள்ளைச் சட்டை ரோஸ் கலரில் இருக்கிறது. சிவப்புத் துண்டோடு சேர்த்து மெஷினில் போட்டாயா? இருபது வருஷமாக ஊர்த் துணியெல்லாம் துவைத்துக் கொடுக்கிறவளுடைய மகன் ரோஸ் சட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்று எங்கள் முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் கல்லாவில் நின்ற ஆளுக்கு வேறு யாருடைய கோட்டு சூட்டையோ கொடுத்து அனுப்பிவிட்டார். வெள்ளையைத் தனியாகப் போடு. காலரைக் கையால் தேய்த்துவிட்டுப் போடு. இதைப் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இனிமேல் எழுதப்போவது போனில் பேச முடியாத சேதி. போன் அடித்தால் சின்னவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மடியில் ஏறாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். சேதி அவளைப் பற்றியது, கொஞ்சம் உன்னைப் பற்றியதும்தான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், வாத்தியார் பிழைத்துப் போனார்.

புட்பால் கிளப்பில் பதிமூன்று வயதுப் பெண்கள் டீமுக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள் என்றதும் நீ போனிலேயே விசில் அடித்துக் குதித்தாய் அல்லவா, அங்கேயிருந்துதான் கதை தொடங்குகிறது. அவர்களுடைய கோச்சை நாங்கள் விசில் சார் என்றுதான் சொல்வோம். விசிலை வாயை விட்டு எடுக்காமலே பேசுவார், பாதி பேச்சாகவும் பாதி சத்தமாகவும் வரும். ரொம்ப நல்ல மனுஷர், அதுதான் வினை. பதினெட்டுப் பேர் போதும் என்று தேர்வுக்கு வந்து உட்கார்ந்தவருக்கு எந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, இருபத்து நாலு பேரை எடுத்துவிட்டார். மைதானத்தில் ஒரு நேரத்தில் ஆடுவது பதினோரு பேர். மீதிப் பதிமூன்று பேருக்கு இருப்பது ஒரே பெஞ்சு, அதிலும் ஆறு பேர்தான் உட்காரலாம், மற்றதெல்லாம் புல்லில். ஞாயிற்றுக்கிழமை லீக் போட்டி என்று வந்துவிட்டால் சாருடைய நல்ல மனசுக்கு லீவு. ஜெயிக்க வேண்டுமே, கெட்டிக்காரப் பிள்ளைகள் பதினோரு பேரையே ஓட விடுவார், இடையில் நாலு பேரைக் கொஞ்ச நேரம் உள்ளே அனுப்புவார், அதோடு சரி. இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை லாண்டரியில் எனக்கு மூச்சு விட நேரம் கிடையாது, அப்பாவுக்கோ பஸ்ஸில் டபுள் டியூட்டி. பிள்ளை பூட்ஸை மாட்டிக்கொண்டு போகிறாள், சேறும் சகதியுமாக வருகிறாள், ஆடுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

டீம் ஜெர்சி எல்லாம் கிளப்புக்குச் சொந்தம். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கழற்றி ஒரு மூட்டையில் போடுவார்கள், திங்கள்கிழமை காலையில் அது எங்கள் லாண்டரிக்கு வரும். பச்சைச் சட்டை, வெள்ளைக் காலர், முதுகில் நம்பர். எங்கள் தொழிலில் மூட்டையை அப்படியே மெஷினில் கவிழ்க்க மாட்டோம், அழுக்குப் பார்த்துப் பிரிப்போம், காலரையும் கக்கத்தையும் மோந்து பார்ப்போம். மூக்கைச் சுளிக்காதே, நீ சாப்பிட்ட சோறெல்லாம் இந்த மூக்கு சம்பாதித்ததுதான். ஒரு திங்கள்கிழமை பிரித்துப் பார்த்தால் எட்டுச் சட்டையில் அழுக்கே இல்லை, போன வாரம் நான் மடித்த மடிப்புக் கோடு கூட அழியவில்லை. நாலு சட்டை அரைகுறை அழுக்கு. முழுக்கச் சேறான சட்டை பன்னிரண்டு. ஆடுகிறது பதினோரு பேர், சேற்றுச் சட்டை எப்படியடா பன்னிரண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காலரைப் பார்த்தேன். பதினொன்றில் காலர் மஞ்சள் ஏறி, வேர்வையில் விறைத்துக்கொண்டு நின்றது. ஒன்றில் மட்டும் நெஞ்சு முழுக்கச் சேறு, காலர் பால் மாதிரி வெள்ளை. திருப்பிப் பார்த்தேன், பத்தொன்பது. நம் வாலு, சின்னவளேதான்.

உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. அங்கே இருக்கிற சேற்றை எடுத்துச் சட்டையில் பூசிக்கொண்டு மூட்டையில் போட்டிருக்கிறாள். துணி துவைக்கிறவள் மகளுக்குச் சேறு பூசத் தெரிந்தது, அம்மா முதலில் பார்ப்பது காலரை என்பது மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. எதற்கு இந்த வேஷம் என்று முதலில் புரியவில்லை. அடுத்த ஞாயிறு சாயங்காலம் நீ போன் பண்ணினாய். எடுத்த எடுப்பில் ‘எத்தன நிமிஷம் ஆடுனடி?’ என்று கேட்டாய், அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ‘நாப்பது நிமிஷம்ண்ணா’ என்றாள். நீ ‘அடி தூள்!’ என்று கத்தினாய், அவள் முகம் இவ்வளவு பெரிதாக மலர்ந்தது, போனை வைத்ததும் இவ்வளவு சிறிதாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்வி, இதே பதில். உன்மேல் தப்பு என்று சொல்லவில்லை, ஆசையில் கேட்கிறாய். ஆனால் அண்ணன் கேட்பானே என்று குழாயடியில் உட்கார்ந்து சேறு பூசுகிற பிள்ளையை நினைத்துப் பார். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆறு வாரம் அந்தச் சேற்றை வாயைத் திறக்காமல் துவைத்தேன். நான் ஆறு வாரம் வாயைத் திறக்கவில்லை என்றால் அப்பா நம்ப மாட்டேன் என்கிறார். ஏழாவது வாரம் அவள் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ‘அடுத்த வருஷம் புட்பால் வேணாம்மா, பாடம் நெறைய இருக்கு’ என்றாள். பாடத்தின் மேல் அவளுக்குத் திடீரென்று வந்த பாசத்தை நான் நம்பவில்லை. இனி சும்மா இருந்தால் நான் அம்மா இல்லை என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கிளப்பில் பெற்றோர் கூட்டம். மைதானத்துக்குப் பின்னால் தாழ்வான ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே ஒரு பேன், அதுவும் சாரைப் பார்த்து மட்டும் சுற்றும். எப்போதும் துவைத்து மடித்த ஜெர்சியை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்குத் துவைக்காமலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்த வாலு வழியெல்லாம் மூக்கைச் சுருக்கி ‘சோப்ப மாத்திட்டியாம்மா?’ என்று கேட்டாள். சார் எழுந்து, பத்து டீமில் நாம் மூன்றாவது இடம் என்றார், எல்லாரும் கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் இரண்டு மடங்கு தட்டினார், அவருடைய பெண்தான் டீமில் கோல் போடுகிறவள். அந்தக் கை தட்டல் அடங்குவதற்குள் நான் ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொக்கி வரைக்கும் கயிற்றைக் கட்டிவிட்டேன். கிளிப்பை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினேன், இந்தப் பக்கம் சேறு, நடுவில் அரைகுறை, அந்தப் பக்கம் சுத்தம். இரண்டு நாள் மூட்டையில் ஊறிய வாசம், முன் வரிசை முழுக்கப் பின்னால் ஓடியது. பத்தொன்பது கைக்கு வந்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. சுத்தத்தோடு மாட்டினால் பிள்ளை மானம் போகும், சேற்றோடு மாட்டினால் என் கணக்கு பொய்யாகும். சேற்றோடு மாட்டிவிட்டேன். பெற்றவள்தானே, வேறென்ன செய்வேன்.

‘சார், எனக்கு ஆட்டம் பாக்கத் தெரியாது, துணியப் பாக்கத் தெரியும்’ என்றேன். ‘இந்த எட்டுச் சட்டையும் ஆறு வாரமா மடிப்புக் கோடு அழியாம வருது. இதுக்கு எதுக்கு சார் சோப்பு, தண்ணி, கரண்டு?’ என்றேன். சார் விசில் வழியாக என்னவோ சொன்னார், புரியவில்லை. பேக்கரிக்காரர் எழுந்து ‘ஜெயிக்கத்தானம்மா லீக்ல ஆடுறோம், நல்லா ஆடுறவங்க ஆடட்டும், மத்த பிள்ளைங்க பாத்துக் கத்துக்கட்டும்’ என்றார். ‘பெஞ்சுல உக்காந்து என்னத்தக் கத்துக்கும், உக்காரவா? நீங்க மாவத் தொட்டுப் பெசஞ்சு கத்துக்கிட்டீங்களா, அடுத்தவர் பெசையறத வேடிக்க பாத்துக் கத்துக்கிட்டீங்களா?’ என்று கேட்டேன். அவரும் விடவில்லை, ‘எல்லாரையும் எறக்குனா தோப்போம், பரவால்லையா?’ என்றார். அது உண்மைதான். அந்த நேரம் பார்த்து நம் வாலு எழுந்தாள். நேராகக் கயிற்றுக்குப் போய்ப் பத்தொன்பதைக் கழற்றி, அந்தக் கடைசிக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான சட்டைகளுக்குப் பக்கத்தில் மாட்டினாள். பேக்கரிக்காரர் ‘அதான் சேறா இருக்கே கண்ணு’ என்றார். ‘இது குழாயடிச் சேறு அங்கிள்’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சார் வாயிலிருந்து விசில் கீழே விழுந்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ‘பதினெட்டோட நிறுத்தியிருக்கணும்மா, அன்னிக்கு உன் முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல முடியல’ என்றார். அவள் ‘சொல்லியிருக்கலாம் சார். ரெண்டு நாள் அழுதிருப்பேன், வேற கிளப்புக்குப் போயிருப்பேன். இது ஆறு வாரமா அழுறேன்’ என்றாள். என் காதால் கேட்டேன் ராசா. வீட்டில் ஒரு நாள் கூட அழுததைப் பார்க்கவில்லை நான். பேக்கரிக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்றம் தாங்கவில்லை என்று சமாளித்தார்.

அப்புறம் நான்தான் கிளிப்பை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் பாதிக்குப் பதினோரு கிளிப், இரண்டாம் பாதிக்குப் பதினோரு கிளிப், ஆக இருபத்திரண்டு இடம். ஒரு ஆட்டத்துக்குப் பதினாறு பேர் வந்தால் போதும். அதில் ஆறு பேர் முழுசாக ஆடட்டும், பத்து பேர் ஆளுக்கொரு பாதி ஆடட்டும், இடம் சரியாகிவிடும். மீதி எட்டுப் பேருக்கு அந்த ஞாயிறு ஓய்வு, அடுத்த ஞாயிறு வேறு எட்டுப் பேர். மூன்று ஞாயிறில் ஒவ்வொருத்திக்கும் இரண்டு ஞாயிறு ஆட்டம், பெஞ்சைத் தேய்க்கவென்று யாரும் வர வேண்டாம். என் மகளும் ஓய்வெடுக்கணுமா என்று பேக்கரிக்காரர் ஆரம்பித்தார், அவர் பெண்ணே எழுந்து ‘எனக்கு முட்டி வலிக்குதுப்பா, ஒரு ஞாயித்துக்கிழமயாவது தூங்க விடு’ என்றாள். சார் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் பதினெட்டுக்கு மேல் ஒருத்தியைக்கூட எடுக்க மாட்டேன் என்றும் எழுதி, கீழே கோடு போட்டார். அவருக்கு இல்லை என்று சொல்லப் பழக வேண்டுமாம், தினமும் லாண்டரிக்கு வாங்க சார், அவசரமா துணி கேக்கறவங்களுக்கு நான் சொல்றதப் பாத்துக் கத்துக்குங்க என்றேன். அப்படி எடுக்கிறபோது நம் பிள்ளை அந்தப் பதினெட்டில் இருப்பாளோ மாட்டாளோ, தெரியாது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே அன்று ராத்திரி பூட்ஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாள். காலரில் வேர்வை இல்லாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று அப்போது சொன்னேன், ‘அய்யோ, காலர மறந்துட்டேனே’ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை புதுக் கணக்குப்படி முதல் ஆட்டம். முதலாளியம்மா அரை நாள் லீவு கொடுத்தார், அப்பாவும் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்து, உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டார். வாலு இரண்டாம் பாதி முழுக்க ஆடினாள். அண்ணனாக லட்சணமாக உண்மையைக் கேட்டுக்கொள். இரண்டு தடவை பந்தை எதிர் டீமுக்கே கொடுத்தாள், ஒரு தடவை உதைத்த உதை நேராக அப்பா மடியில் வந்து விழுந்தது. அவர் ‘டிக்கெட், டிக்கெட்’ என்று எழுந்தார், டிரைவர் எதற்கு டிக்கெட் கேட்கிறார் என்று இன்னும் விளங்கவில்லை. நான் எந்தக் கோல் நம்முடையது என்று தெரியாமல் எதிராளி கோலுக்கும் கை தட்டிவிட்டேன். மூன்றுக்கு இரண்டில் தோற்றோம். பேக்கரிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் போகும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் பன் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதனால்தான் நேற்று நீ போன் பண்ணியபோது யாரும் எடுக்கவில்லை, எல்லாரும் மைதானத்திலேயே பன் தின்றுகொண்டிருந்தோம்.

இன்று காலையில் மூட்டை வந்தது, பதினாறு சட்டைதான், எனக்கும் வேலை மிச்சம். பத்தொன்பதை எடுத்துக் காலரை மோந்து பார்த்தேன். அப்பப்பா, என்ன நாற்றம் என்கிறாய்! பக்கத்து மேஜைக்காரி என்னைப் பார்த்து, அழுக்குத் துணியை மோந்து சிரிக்கிறாளே, இவளுக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்தக் காலரைத் தேய்க்க எனக்கு இரண்டு கை சோப்பு செலவாயிற்று, சந்தோஷமாகச் செலவழித்தேன்.

ஆகையால் என் ராசா, இனிமேல் எத்தனை நிமிஷம், எத்தனை கோல் என்று அவளைக் கேட்காதே. சேறு விஷயத்தையும் நீயாக இழுக்காதே, சொல்ல வேண்டியதை அவளே ஒரு நாள் உன்னிடம் சொல்லுவாள், சொல்லும்போது சிரித்துத் தொலைக்காதே. வெள்ளைத் துணியை மறக்காமல் தனியாகப் போடு, ரோஸ் சட்டையை ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போய் என் தொழில் மானத்தை வாங்காதே. நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, துவைத்த துணி போல மனசு வெளுப்பாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். அப்பா தூக்கத்திலேயே வாழ்த்துகிறார், அதையும் சேர்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேள், ‘காலர் நாறுதாடி?’ என்று. ஏன் எதற்கு என்று அவளுக்குப் புரியும், மீதியை அவள் முகத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சட்டையையும் மோந்து பார்க்க ஆசையோடு காத்திருக்கும்
அம்மா