மண் நிற்காத சரிவு

தொம்மலூர்,
1958, ஆவணி, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, சரசு வணங்கி எழுதிக்கொள்வது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கேத்தரின் எழுதுகிறாள். நானும் மாடும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லக்கவள்ளி அணைக்கட்டு வேலையிலிருந்து லீவில் வந்த நாணு உங்களை அங்கே பார்த்ததாகச் சொன்னான். "அண்ணன் யாரோடயும் பேசறதில்ல அக்கா. உளியத் தொடறதே இல்ல, மண்ணுதான் சொமக்கறாரு" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இங்கத்திய சமாசாரம் சொல்கிறேன். நம் பிள்ளை பாமா போன பிறகு கல் குவாரியை மூடிவிட்டார்கள் அல்லவா? மாட்டுக்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கோவிந்தப்பா தாலுகா ஆபீசில் அமல்தாரிடம் போனார். முன்பு ஊர் மாடு மேய்ந்த இடம், திரும்பவும் மேய்ச்சலுக்கே வேண்டும் என்று கேட்டார். தசராவுக்குப் பிறகு வந்து பார்ப்பேன், அங்கே புல் நின்றால் நிலம் ஊருக்கு, வெறும் பாறையாகக் கிடந்தால் குவாரிக் காண்டிராக்டருக்கு என்று அமல்தார் சொல்லிவிட்டார்.

கோடையில் ஏரி வற்றியதும் பொம்பளைகள் எல்லாரும் வண்டலை வெட்டிக் கூடை கூடையாகச் சுமந்தோம். உடைந்த சல்லியின் மேல் அதைப் பரப்பி, சாணம் கரைத்து ஊற்றி, அருகம்புல்லை வேரோடு பிடுங்கி வந்து நட்டோம். வைகாசி மழைக்குப் புல் தலையெடுத்தது. மோப்பம் பிடித்து மாடுகள் வந்தன. வேர் பிடிக்கட்டும் என்று நம் மாட்டையே நான் கல்லெடுத்து அடித்து விரட்டினேன். பசியோடு அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

போன வாரம் பெய்த மழையில் எல்லாம் போயிற்று. சரிவில் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் மண்ணும் புல்லும் சறுக்கிக்கொண்டு குவாரிக் குழிக்குள் இறங்கிவிட்டன. காலையில் போய்ப் பார்த்தேன், பாறை கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. கோவிந்தப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "பிடம்மா, விட்டுடு சரசு. கல்லு மேல ஹுல்லு வராது. நம்ம கையில இல்ல இது" என்று கன்னடம் கலந்து சொன்னார். அன்றோடு மற்றவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் வயிறு இருக்கிறது.

நான் மட்டும் போகிறேன். குழி ஓரத்தில் ஒதுங்கிய சேற்றை அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறேன். சாயந்திரம் ஒரு தூறல் போட்டால் பாதி திரும்ப இறங்கிவிடுகிறது. கைத்தோல் உரிந்துவிட்டது. கேத்தரின் இதை எழுத வேண்டாம் என்கிறாள், நான்தான் எழுதச் சொன்னேன்.

நேற்றுக் காண்டிராக்டரின் ஆட்கள் வந்து பாறையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் ஆழமாக வெட்டப் போகிறார்களாம். வேலி போடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

கன்றைத் தேடிப் போன பிள்ளை அந்தக் குழியில் தேங்கிய தண்ணீரில் கிடந்தாள். காரியம் முடிந்த அன்று, "நான் வெட்டின குழி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். இப்போது சொல்கிறேன். உளி உங்கள் கையில் இருந்தது, உண்மைதான். அந்த உளியில்தான் நான் சாப்பிட்டேன், அவளும் சாப்பிட்டாள். உங்களை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

சரிவுக்குக் குறுக்கே கல்லை அடுக்கிக் கட்டினால் மண் நிற்கும். உடைத்துப் போட்ட கல் அங்கேயே குவிந்து கிடக்கிறது. புரட்டி வைக்க எனக்குத்தான் பலம் இல்லை. ஊர் ஆம்பளைகள் குழிப் பக்கம் வரப் பயப்படுகிறார்கள்.

தசராவுக்குள் வந்துவிடுங்கள். வீட்டுக்கு வர மனசு ஒப்பவில்லை என்றால் கோவிந்தப்பாவின் கொட்டகையில் தங்கிக்கொள்ளலாம், அவரிடம் கேட்டுவிட்டேன். சோறு அங்கேயே கொண்டுவருகிறேன். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

குழியை நீங்கள் பார்க்க வேண்டாம். மேட்டைப் பார்த்துக்கொண்டு கட்டினால் போதும். உங்கள் முதுகுக்குப் பின்னால் குழிப் பக்கம் நான் நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கைக்காகக் காத்திருக்கும்
சரசு