ஒன்றரைக் கட்டை

பிப்ரவரி 9

லேப்டாப் விசிறி மறுபடியும் கத்த ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது பாட்டிலேயே. டிரம்மர் பயல் குனிந்து, "எனக்குத் துணைக்கு ஆள் போட்டிருக்கீங்களாண்ணே?" என்றான். நக்கலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

மேடையில் மொத்தம் நாலு பேர். நான் கீபோர்டு, தாடி என்று நாங்கள் கூப்பிடும் பையன் எலக்ட்ரிக் கிடார், டிரம்மருக்கு ரப்பர் பேடுகள், என் மனைவி பாட்டு. எல்லார் ஒயரும் என் லேப்டாப்புக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. பியானோ, வயலின், கிடாருக்கான ஆம்ப், எதிரொலி எல்லாமே உள்ளே பிளகின் என்கிற குட்டி மென்பொருள்களாகத்தான் இருக்கின்றன. அவற்றைக் கோத்து ஓட்ட ஒரு மென்பொருள். பாட்டுக்கு ஒரு பக்கம், காலால் பெடலை மிதித்தால் அடுத்த பக்கம்.

திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் மைனஸ் மூன்று, அதாவது மூன்று அரை ஸ்வரம் கீழே. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அங்கே திரை கீறிவிட்டது, கண்ணை உறுத்துகிறது என்று இவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த எண் இருக்கும்வரை என் விரல் ஐந்தரைக் கட்டை சுருதியில் வாசித்தாலும் வெளியே வருவது நாலு கட்டை. தாடியின் கிடாரும் அப்படியே. இவள் ஐந்தரையில் பாடுவதாக நினைத்துக்கொண்டு நாலில் பாடுகிறாள். கழுத்தில் கட்டி எடுத்த பிறகு இவளுக்கு மேல் ஸ்வரங்கள் வரவில்லை. நரம்பு மெல்லத் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். முதல் ஒத்திகையிலேயே குரல் உடைந்தது. "இறக்கித்தான் பாடணும்னா நான் பாடவே வேணாம்" என்று மைக்கை வைத்துவிட்டுப் போனவள், மாதக்கணக்கில் ஒரு வரி முணுமுணுக்கக்கூட இல்லை. வீடு வீடாகவே இல்லை. ஒருநாள், சும்மா ஒரு பாட்டு பாடிப் பாரேன் என்று கெஞ்சிக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்தேன். பாடினாள். முடித்ததும் சிரித்தாளே ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு எவனுக்கு உண்மை பேச வாய் வரும்?

இன்று கிளம்பும்போது தாடியை வம்புக்கு இழுத்தாள். "இந்த வயசுல ஐந்தரையில நின்னு பாடுற ஆளை நீ பார்த்திருக்கியா? சொல்லுடா." அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரி 11

சமையலறையில் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எதுவும் வைக்காமல். கதவருகே நின்று கேட்டேன். நாலு. அச்சு அசலாக நாலு.

பிப்ரவரி 17

இவளுக்கு முன்பே பழக்கமான வயலின் மாஸ்டர் போன் செய்தாராம். வயலின், செல்லோ என்று இருபது பேரை வைத்து ஏப்ரல் ஆறாம் தேதி பெரிய அரங்கில் கச்சேரி நடத்துகிறார். இவள் இரண்டு பாட்டு பாட வேண்டும். ஒத்துக்கொண்டுவிட்டாள். "என் பழைய ஸ்கேல்லயே எழுதிடுங்க மாஸ்டர், குரல் முன்னைவிட நல்லா இருக்கு" என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

இருபது பேரும் மரத்தையும் கம்பியையும் வைத்து வாசிப்பவர்கள். ஒருத்தர் ஒயர்கூட என் லேப்டாப் பக்கம் வராது. எதை இறக்குவேன்?

அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டேன். "நான் முடிஞ்சு போனேன்னு நினைச்சேன்க்கா. நிஜமாவே நினைச்சேன்." காலர் கருகிப் போயிற்று.

பிப்ரவரி 18

தாடியோடு சண்டை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"உன் வேலையைப் பாருடா."

"என் வேலையா? என் விரல் ஒண்ணு வாசிக்குது, காதுல வேற ஒண்ணு கேக்குது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிஞ்சும் தலைவலி மாத்திரை போடுறேன். அண்ணிக்காகத்தான்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப இருபது பேர் முன்னாடி அவங்களை நிக்க வெச்சு மானத்தை வாங்கப் போறீங்களா?"

ஞாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு அத்தனை கோபம் வந்தது.

பிப்ரவரி 26

இன்று சொல்லியே தீருவது என்று உட்கார்ந்தேன். இரண்டு காபி போட்டு எதிரெதிரே வைத்து, தொண்டையைச் செருமி, எல்லா சம்பிரதாயமும் செய்தாயிற்று. அவள் முந்திக்கொண்டாள்.

"டாக்டரைப் பார்த்தேன். குரல் முழுசா வந்துடுச்சுன்னு சொன்னேன். அவருக்கே ஆச்சரியம். இவ்வளவு சீக்கிரம் திரும்புறது அபூர்வமாம்."

என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, கண் கலங்குது?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துவிட்டாள். நான் அப்படியே நினைக்க விட்டேன். கோழை. வேறென்ன?

மார்ச் 3

குறுக்கு வழி தேடினேன். மாஸ்டருக்குத் தனியாகப் போன் செய்து, நாலு கட்டையில் எழுதித் தர முடியுமா, அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றேன்.

"எழுதுறது ஒண்ணும் பெரிய வேலை இல்லப்பா. ஆனா அந்தம்மா வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். பாடுறவங்களுக்குத் தெரியாம நான் ஸ்கேலை மாத்த மாட்டேன்."

அந்த மனுஷனுக்கு ஒரு வரியில் புரிந்துவிட்டது. எனக்கு இத்தனை நாளாகியும் உறைக்கவில்லை.

மார்ச் 8

ஒத்திகையில் மைனஸ் இரண்டு வைத்துப் பார்த்தேன். அரைக் கட்டைதானே, ஏறிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. சரணத்தில் குரல் பிசிறடித்தது. ஜலதோஷம் என்றாள். வெந்நீர் கேட்டாள். மறுபடி மூன்றுக்கே இறக்கினேன்.

மார்ச் 15

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இன்று மாலை ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. போய் இறங்கிய பிறகுதான் சொன்னார்கள், புல்லாங்குழலுக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் மேசைக்கு அடியில் பிளக் சொருகிக்கொண்டிருந்தேன். மேலே அவர் இவளிடம் கேட்கிறார், "எந்தக் கட்டை மேடம்?" இவள், "ஐந்தரை." பையிலிருந்து குழலை எடுக்கிற சத்தம் கேட்டது. எழுந்த வேகத்தில் மேசையில் தலை இடித்தது. நான் எழுந்து நிற்பதற்குள் தாடி பாட்டைத் தொடங்கிவிட்டான், அவரும் ஊதிவிட்டார்.

கேட்கச் சகிக்கவில்லை. டிரம்மருக்கே முகம் சுளித்தது.

இவள் சிரித்தாள். "தம்பி, குழலை மாத்தி எடுத்துட்டீங்கபோல."

"இல்ல மேடம், இது ஐந்தரைதான். நீங்கதான் நாலுல இருக்கீங்க."

"நாலா? நானா?"

அவர் வேறொரு குழலை எடுத்தார், பெரியது. ஊதினார். பாலும் தண்ணீருமாகக் கலந்தது.

இவள் தாடியைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். என்னிடம் வந்தாள். நகத்தால் அந்த டேப்பை உரித்தாள்.

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்து."

டேப்பை என் கீபோர்டின் ஓரத்தில் ஒட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். நிகழ்ச்சி முழுக்கப் பாடினாள். ஒரு பாட்டுகூட விடவில்லை. ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 16

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலாம்.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை "நீ" என்றது இன்றுதான்.

"குரல் போச்சேன்னு நான் அழுது முடிச்சிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா மனசைத் தேத்திட்டு இருந்தேன். நீ வந்து, இல்ல, திரும்ப வந்துடுச்சுன்னு காட்டின. இப்ப நான் மறுபடியும் முதல்லேருந்து அழணும்."

உன் நல்லதுக்குத்தானே... என்று இழுத்தேன். ஐயோ, அந்த வார்த்தையை ஏன் சொன்னேன்?

"அக்காகிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட சொன்னேன். பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சேன். பக்கத்துல நின்னு தலையை ஆட்டினியே, எப்படி மனசு வந்துச்சு?"

மார்ச் 19

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் அக்காதான் எடுக்கிறார். "தூங்குறா." பட்டப்பகலில் என்ன தூக்கம்? கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வைத்துவிட்டேன்.

மார்ச் 24

வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"லேப்டாப்பைப் போடுங்க." மறுபடி 'ங்க'. அது இன்னும் தள்ளி நிற்கிற மாதிரி இருந்தது. "சைபர் வைங்க. நான் பார்க்கணும்."

வைத்தேன். அவளே குனிந்து திரையில் எண்ணைச் சரிபார்த்தாள். அது போதாதென்று போனில் சுருதி காட்டும் ட்யூனரைத் திறந்து, ஒரு ஸ்வரம் வாசிக்கச் சொல்லி, அதிலும் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைச் சோதிக்கிற மாதிரி. பரவாயில்லை, சோதிக்கட்டும்.

பாடினாள். பல்லவி போயிற்று. அனுபல்லவியில் உடைந்தது. "மறுபடி." உடைந்தது. "மறுபடி." இந்தமுறை காற்று மட்டும்தான் வந்தது. நான் வாசிப்பதை நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க" என்றாள். குரலே இல்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு கடைசி வரிவரை போனாள்.

நான் கீபோர்டின் மேல் கவிழ்ந்து அழுதேன். அவள் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 25

மாஸ்டருக்கு அவளே போன் செய்தாள். கூடத்தில், என் காதுபடத்தான்.

"மாஸ்டர், ஐந்தரை எனக்கு இல்லை. நாலுதான் இருக்கு. நாலுல எழுதித் தருவீங்களா?"

என்ன சொன்னாரோ தெரியாது. "சரி மாஸ்டர்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 29

ஒத்திகைக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்றேன். விடுங்க என்றாள். உள்ளே வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

நம் குழுவில் இனி பாடுவதில்லையாம். திரும்பும் வழியில் சொன்னாள்: "உங்க மேல கோபம் இல்ல. ஆனா நீங்க வாசிச்சா, இது நிஜமா, இது நிஜமான்னுதான் கேட்டுக்கிட்டு நிப்பேன். அப்புறம் எங்கேருந்து பாடுறது?"

தாடி புதுப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்திருக்கிறான். இருபது வயசு இருக்கும். ஆறு கட்டை பாடுகிறாள், மூச்சே வாங்காமல். நன்றாகத்தான் பாடுகிறாள். எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 6

அரங்கம் நிறைந்திருந்தது. எனக்கு நடு வரிசை. மேடையில் என் சாமான் எதுவும் இல்லாமல் இவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

நாலு கட்டை. முதல் பாட்டு தடங்கலில்லாமல் போயிற்று. இரண்டாவதில் மேலே போகிற இடத்தில் குரல் மெலிந்து நூலாகிவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை, மெலிந்தபடியே நின்றாள். வயலின்கள் எல்லாம் அவளுக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டன. முன்னைக் குரலில் இது இருந்ததில்லை. வெட்கத்தைவிட்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டை நீட்டினார்.

திரும்பி வரும்போது காரில், "ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்த மேல்வரி... அப்படி நீ முன்னே பாடினதே இல்ல" என்றேன். சத்தியமாக, கலப்படமில்லாமல் சொன்னேன்.

"ம்" என்றாள்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், பிறகு போனை எடுத்து அந்தப் புல்லாங்குழல்காரரைக் கூப்பிட்டாள். அவரும் அரங்குக்கு வந்திருந்தாராம்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. இன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் பேசினார். இவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிஜமாவா? அந்த மேல்வரியா? சரி தம்பி. நீங்க சொன்னா சரிதான்."

நானும் அதையேதான் சொன்னேன்.