ஆறாம் நம்பர் மஞ்சள்

முள்ளிப்பட்டு,
28.11.2025

அன்பு மகள் ஜெயப்ரியாவுக்கு அம்மா ரேணுகாதேவி எழுதுவது. நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் முதல் பாதியை எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதுகிறேன், உன் நலம் அறிய ஆவல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். உன் அப்பாவுக்குப் பித்தக்குழாயில் கட்டி. எந்த ஊரில் யாருக்கு வருகிறது என்று நீ தாய்லாந்தில் உட்கார்ந்து கணக்கெடுத்துப் படம் போடுகிறாயே, அதே நோய்தான். டிசம்பர் பதினோராம் தேதி வியாழக்கிழமை வேலூரில் ஆபரேஷன். இப்போது வீட்டில்தான் இருக்கிறார், எதிரில் உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சியைக் கல்யாண விருந்து மாதிரி ரசித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். போனில் சொல்லியிருக்கலாம்தான், சொன்னால் நீ அழுவாய், நான் அழுவேன், நடுவில் அவர் போனைப் பிடுங்கி அந்த ஊர்ப் பச்சை மீனைத் தொடாதே என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், மூலையில் எண் போட்டிருக்கிறேன், வரிசை மாற்றிப் படித்துவிட்டு என்னைக் குறை சொல்லாதே.

எல்லாம் உன் படத்தில்தான் ஆரம்பித்தது. ஆடி மாதம் அனுப்பினாயே, எந்த நாட்டில் ஈரல் புற்று அதிகம், எங்கே பித்தக்குழாய்ப் புற்று அதிகம் என்று, அதிகமான இடமெல்லாம் சிவப்பு, குறைந்த இடம் வெளுப்பு. நீ இருக்கும் வடகிழக்குப் பக்கம் செக்கச்செவேல் என்று இருந்தது, ஆற்று மீனைப் பச்சையாகத் தின்பார்கள், அதிலிருக்கும் புழு பித்தக்குழாயில் போய்க் குடியிருக்கும் என்று சொன்னாய். மங்கோலியாவும் சிவப்பு. நம் நாட்டில் கங்கைக் கரையில் பித்தப்பைக்குத் தனியாக ஒரு சிவப்பு. நம் பக்கம் மட்டும் வெளுத்த வேட்டி. உன் அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை, ஆரணிக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, சாயப்பட்டறையில் கலருக்கெல்லாம் நம்பர் போட்ட ஷேடு கார்டுக்கும் முருகன் காலண்டருக்கும் நடுவில் மாட்டிவிட்டார். நூல் கொண்டு வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி, எம்பொண்ணு போட்ட படம்யா, நம்ப பக்கம் எப்படி வெளுப்பா கீது பாரு என்பார். ஏதோ இவரே தினமும் போய்த் துவைத்து வெளுக்க வைத்த மாதிரி. உனக்குத் தினமும் போன் போட்டு மீன் தின்னாதே மீன் தின்னாதே என்று அவர் சொன்னதை நீ வெறும் தொல்லை என்று நினைத்திருப்பாய். உன் ஈரலுக்குக் காவல் இருந்தவருக்குத் தன் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இவருக்கென்றே சொன்னது.

தீபாவளிக்கு முன்னால் சேவூரிலிருந்து ஒரு பெரிய ஆர்டர், முகூர்த்தப் புடவைக்கு மஞ்சள் நூல், கொப்பரை கொப்பரையாக மஞ்சள். கை மஞ்சள், நகக்கண் மஞ்சள், கட்டியிருந்த லுங்கி மஞ்சள். வேறு வீட்டில் ஒரு ஆள் மஞ்சளாகிப் போனால் பொண்டாட்டி கண்டுபிடித்துவிடுவாள், சாயக்காரன் வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது சொல். அரக்கு போட்ட வாரம் சிவப்பாக வருவார், மயில் கழுத்து போட்ட வாரம் பச்சையும் நீலமுமாக வருவார், முப்பது வருஷமாக அப்படித்தான் என்னிடம் சோறு கேட்டு வந்து உட்காருகிறார். உடம்பெல்லாம் அரிப்பு என்றார், சாயத்துக்குப் போடுகிற ஆசிட் பட்டிருக்கும் என்றேன். சோறு இறங்கவில்லை என்றார், தீபாவளிப் பலகாரம் என்றேன். சட்டை தொளதொளவென்று ஆனது, தையல்காரரைத் திட்டினோம். தீபாவளி அன்று வீடியோவில் நீ பார்த்துவிட்டு அப்பா என்ன இப்படி மெலிந்துவிட்டார் என்று கேட்டாய், நானும் கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்குடி என்றேன். நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெரிய வியாதியெல்லாம் நம்ம பக்கம் ரொம்பக் கம்மிம்மா, சாதாரண காமாலையாத்தான் இருக்கும், எதுக்கும் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க என்றாய். அவர் காதில் கம்மி வரைக்கும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் காதில் எதுவும் விழவில்லை.

டெஸ்டுக்கு வாங்க என்றால் லேமினேஷனைக் காட்டுவார். படிச்ச பொண்ணே சொல்லிட்டா, நீ இன்னா புதுசா பேஜார் பண்ணிகினு என்பார். சரி, சாதாரண காமாலை என்றால் சாதாரண வைத்தியம் என்று போளூருக்குப் பக்கத்தில் எல்லப்பன் என்று ஒருவர் காமாலை இறக்குகிறார், அங்கே கூட்டிக்கொண்டு போனேன், ஆமாம் நான்தான், என்னையும் சேர்த்துச் சிரித்துக்கொள். அவர் ஒரு கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர் வைத்தார், அப்பா கையில் ஏதோ சாற்றைத் தடவினார், வேப்பிலையால் தோளிலிருந்து விரல் வரைக்கும் நீவினார், கையைக் கிண்ணத்தில் முக்கச் சொன்னார். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. பார்த்தியாம்மா, எவ்ளோ இறங்குது என்றார். நான் கண்ணீரோடு கும்பிட்டேன். உன் அப்பா குனிந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, நல்லா பளிச்சுனு ஏறிக்கீதுங்க என்று பாராட்டினார். ஜெயப்ரியா, மாம்பட்டைச் சாறு சுண்ணாம்புத் தண்ணீரில் பட்டால் மஞ்சளாகும் என்பது சாயக்காரன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். சாயம் போட்டே மூன்று வேளை சாப்பிட்ட குடும்பம், ஒரு கிண்ணம் சாயத்தண்ணீரைப் பார்த்து நோய் இறங்குகிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நாங்கள் பதினோரு நாள் உப்பில்லாத பத்தியமும் பச்சிலை உருண்டையுமாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு நாளும் கண் கூடுதலாக மஞ்சளாகிக்கொண்டே வந்தது, எல்லப்பனுக்குப் போன் போட்டால், உள்ள இருக்கிறது வெளிய வந்துகினு இருக்குதும்மா என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சேவூர்க்காரர் வந்து, போன தடவை போட்ட மஞ்சள் சாம்பிளோடு சேரவில்லை என்று ஒரு சிட்டம் நூலைத் திருப்பிக் கொடுத்தார். உன் அப்பா அந்த நிலைமையிலும் எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போய்ச் சிட்டத்தை உதறிப் பிடித்து, இது நாலாம் நம்பர், நீங்க கேட்டது அஞ்சு, என் மேலதான் தப்பு என்றார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி, இவர் கண்ணுக்கு நாலும் அஞ்சும் பிரிந்து தெரிகிறது, தன் கண்ணின் மஞ்சள் மட்டும் தெரியவில்லை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது, உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன், அந்தச் சிட்டத்தை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இது இன்னா நம்பர்னு சொல்லுங்க என்றேன். பொய் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கலர் விஷயத்தில் உன் அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கண்ணாடியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஆறு என்றார். பிறகு சிட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைய எடு ரேணுகா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றார். சேவூர்க்காரர்தான் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

ஆரணியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, குழாயில் அடைப்பு, ஜல்தியா வேலூர் போங்க என்றார்கள். வேலூரில் வாய் வழியாகக் குழாய் விட்டு அடைப்பில் ஒரு டியூப் வைத்தார்கள், சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதில்தான் அந்தப் பெயர் வந்தது. இவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, நான் குடிக்கிறதில்ல, மீன் வாசனை பட்டாலே எழுந்து போயிடுவேன், எங்க பக்கம் இது கம்மின்னு எம்பொண்ணு படமே போட்டுக்கீறா, எனக்கு எப்படிங்க வந்துச்சு. டாக்டர் நல்ல மனிதர், சிரிக்காமல் பதில் சொன்னார். கம்மி என்றால் இல்லை என்று அர்த்தம் கிடையாது ஐயா, பல பேருக்கு ஏன் வந்தது என்று எங்களுக்கும் தெரியாது என்றார். டியூப் வைத்த பிறகு மஞ்சள் இறங்குகிறது, நிஜமாகவே இறங்குகிறது, கிண்ணத்தில் இல்லை. முழுக்க இறங்கட்டும் என்றுதான் நாள் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட முடியும் என்று நினைக்கிறோம், திறந்து பார்த்தால்தான் உறுதி என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்தப் பதினோரு நாளால் கெட்டுப்போயிற்றா என்று கேட்டேன். இப்பவாவது வந்தீங்களே என்றார். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் தெருவில் கோடிவீட்டுச் சின்னம்மாள் என்ன வந்து செத்தாள், காமாலை. பாவு போடும் வேலு, காமாலை முற்றிப்போய். அதற்கு முன்னால் அவன் மாமனார், அவரும் காமாலை. மூன்று பேரில் ஒருவரும் ஸ்கேனைக் கண்ணால் பார்த்ததில்லை, பத்தியம் பார்த்தார்கள், பாடையில் போனார்கள். அவர்களுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, சாதாரணக் காமாலையாகவே இருந்திருக்கலாம். ஆனால் உன் படத்துக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? நூல் வெள்ளையாக இருந்தால் சாயம் வெளுத்துவிட்டது என்றும் சொல்லலாம், இன்னும் கொப்பரையிலேயே முக்கவில்லை என்றும் சொல்லலாம், பட்டறையில் நின்றவளுக்குத்தான் அது தெரியும். கம்மி என்று ஒரு வார்த்தையை நீ அங்கிருந்து சொன்னாய், அதை இங்கே ஒரு மனுஷன் மருந்து மாதிரி முழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். உன் மேல் தப்பில்லை, ரத்த டெஸ்ட் எடு என்று நீ சொன்னாய், இழுத்துக்கொண்டு போகாதது நான். ஆனாலும் இனிமேல் யாருக்காவது கம்மி என்று சொல்லும்போது அதோடு நிறுத்தாதே.

இன்னொரு கூத்தும் நடந்தது. வேலூரில் அட்மிஷன் பாரம் எழுதும்போது உன் சித்தப்பா கமலக்கண்ணன் தன்னுடைய காட்பாடி விலாசத்தைக் கொடுத்துவிட்டார். லெட்டர் வந்தா எனக்கு வரும் அண்ணி, நீங்க எங்க அலைஞ்சிகினு இருப்பீங்க என்றார், நல்லெண்ணம்தான், தம்பி இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் திசை தெரியாமல் நின்றிருப்போம். ஆனால் எனக்கு நீ முன்னொரு நாள் சொன்னது ஞாபகம் வந்தது, நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பார்க்க மாட்டோம்மா, எந்த ஊர்க்காரர் என்று பார்த்துத்தான் கணக்கில் சேர்ப்போம் என்றாயே. மறுபடியும் போய் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அங்கிருந்த பெண், இதுல இன்னாம்மா இருக்குது, எந்த ஊர் போட்டாலும் வைத்தியம் ஒண்ணுதானே என்றாள். வைத்தியம் ஒண்ணுதாம்மா, ஆனா அவரு காட்பாடிக்காரர் இல்ல, முப்பது வருஷமா முள்ளிப்பட்டுல சாயம் போடுறவரு, எங்க ஊர்க் கணக்கு எங்க ஊர்ல சேரணும் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள், ஆனாலும் அடித்துவிட்டு எழுதினாள். சிவப்பிரகாசம், வயது 59, முள்ளிப்பட்டு, ஆரணி. எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் ஊர் சரியாக இருக்கிறது.

சரி, அழுது முடித்தாயா? முகத்தைக் கழுவிக்கொண்டு டிக்கெட் போடு. ஒன்பதாம் தேதி அட்மிட் ஆக வேண்டும், அதற்கு முன்னால் நீ இங்கே இருக்க வேண்டும். வர வேண்டாம், வேலையைப் பார் என்று எழுதச் சொல்லித்தான் அவர் சொன்னார், அவர் சொன்னதை எழுதிவிட்டேன், இப்போது நான் சொல்கிறேன், வா. எனக்குப் பயமாக இருக்கிறது. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு மஞ்சள் புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், அவளுக்குப் போய் மஞ்சளா வேண்டிக்கொண்டாய் என்று இவர் கிண்டல் செய்கிறார். வரும்போது கனமான ஸ்வெட்டர் எல்லாம் தூக்கி வராதே, மழைதான் இங்கே. உன் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு வா. மீன் விஷயம் சொல்ல மாட்டேன், அதை அவரே சொல்லுவார்.

அம்பாள் துணையிருப்பாள், நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். முடிக்கும் முன் ஒன்று. இன்று காலை பட்டறையைக் கூட்டப் போனேன். உன் படத்தில் நம் ஊர் இருக்கும் இடத்தில் விரல் நுனி அளவு மஞ்சள் வைத்திருக்கிறார், ஆறாம் நம்பர். இது இன்னா வேலை என்று கேட்டேன், இருக்கட்டும், உம்பொண்ணு வந்து தொடைக்கட்டும் என்றார். லேமினேஷன் மேல் சாயம் பிடிக்காது, ஈரத்துணி பட்டால் போய்விடும், அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் தொடவில்லை. நீ வந்து துடை.

உன் அம்மா
சி. ரேணுகாதேவி