இறங்கு, வண்டியைத் திருப்பணும்

ஜனவரி 18

பைக்கின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டாயிற்று. டயரில் காற்றும் பிடித்தாயிற்று. இவர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி; எங்கள் வீட்டு அடுப்புகூட அனுமதி கேட்டுத்தான் எரியும். கல்யாணமாகி முதல் பயணம். காட்டோரத்து விடுதி.

"பஸ்ல போனா என்ன?" என்றேன்.

"காட்டை பைக்லதான் பாக்கணும். நான் இருக்கேன்ல?"

ஜனவரி 19

ஹெல்மெட் புதியது அவருக்கு, பழையது எனக்கு. வார் கொஞ்சம் தளர்வு. "பின்னாடி உக்கார்றவங்களுக்கு இது போதும்."

காட்டுப்பாதை குறுகலாம். வண்டியைத் திருப்பும்போது பின்னால் இருப்பவர் இறங்கிவிட வேண்டும்.

"இறங்குன்னா இறங்கணும். ஏன்னு கேக்கக் கூடாது."

பிறகு பாடம். "ஆபத்துல முதல் விதி என்ன தெரியுமா? காப்பாத்தப் போறவன் ரெண்டாவது பிணமா ஆகிடக் கூடாது."

"அப்போ முதல் பிணம் யாரு?"

சிரித்தார். நானும்தான்.

ஜனவரி 21, விடுதி

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

சோதனைச் சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம். வளைவில் ஒற்றை யானை.

"இறங்கு. வண்டியைத் திருப்பணும்." பதறாமல்தான் சொன்னார். இறங்கினேன். அழகாகத் திருப்பினார். ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன் — வண்டி இல்லை.

சாலைக்கு அடியில் மழைநீர் போகிற குழாய். ஊர்ந்து போய்விட்டேன். சத்தம் வராமலிருக்க ஹெல்மெட் வாரைக் கடித்துக்கொண்டேன். மேலே அது நின்றது. அதன் மூச்சு கேட்டது. என்னுடையது கேட்கவில்லை.

வனக்காவலர்தான் ஜீப்பில் வந்தார். குனிந்து பார்த்து, "வெளிய வாம்மா. யானை போயி ரொம்ப நேரமாச்சு" என்றார். ஜீப்பைக் கிளப்பும்போது தனக்குள் மாதிரி: "உங்க வீட்டுக்காரர் அதைவிட வேகமாப் போனாரு."

இவர் சாவடி பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் மாட்டியிருந்தா தகவல் சொல்ல யாரு இருப்பா? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதுதான் பயமா இருக்கு.

நான் ஏற எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்? ஒரு காலைத் தூக்கிப் போடுற நேரம். அவ்ளோதானே?

ஜனவரி 27

மாமியாருக்குப் பெருமை. "என் பிள்ளைக்கு எப்பவும் நிதானம்." பிறகு நாத்தனாரிடம் போனில்: "இவ குழாய்க்குள்ள பெருச்சாளி மாதிரி கிடந்தாளாம்டி." சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிப்ரவரி 9

தொழிற்சாலையில் அதையே பாடமாக நடத்தினாராம். நான் அதில் 'உடன் வந்த நபர்'. நல்ல கைதட்டலாம்.

மார்ச் 2

பைக் ஓட்டப் பழகுகிறேன். "உனக்கெதுக்கு இது?" என்றார். சும்மாதான் என்றேன்.

ஜூன் 14

உரிமம் வந்துவிட்டது. புகைப்படத்தில் யாரோ மாதிரி இருக்கிறேன்.

செப்டம்பர் 30

குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாதுகாப்பு அதிகாரி! ஊட்டிவிடுகிறேன், சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். ஒரு குறையும் வைக்கவில்லை. சிரிக்கவுமில்லை. தலையணைக்குள் மட்டும் கொஞ்சம்.

அக்டோபர் 17

அதே விடுதியில் அறை சொல்லிவிட்டேன். மாமியார் முன்னால் வைத்துத்தான் கேட்டேன்.

"கார் எடுத்துக்கலாமே" என்றார் இவர்.

"காட்டை பைக்லதான் பாக்கணும். நான் இருக்கேன்ல?"

"போயிட்டு வாயேன்டா, என்ன பயம்?" என்றார் மாமியார். பயம் என்று இவரால் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 20, விடுதி

பழைய ஹெல்மெட்டை இவருக்கு நானே மாட்டிவிட்டேன். வார் அப்படியேதான் இருக்கிறது, என் பல் தடத்தோடு.

அதே வளைவு. யானை இல்லை. எதுவுமே இல்லை, வெறும் சாலை. நிறுத்தினேன்.

"இறங்குங்க. வண்டியைத் திருப்பணும்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டு இல்லாத கை என் இடுப்பைச் சுற்றி வந்து இறுகியது.

"ஏன்?" என்றார்.

"ஏன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

இறங்கவில்லை. முதுகில் அவர் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது. வேண்டிய மட்டும் இருக்கவிட்டு, பிறகு கியர் போட்டேன்.

இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வண்டிச் சாவி என் தலையணைக்கு அடியில்.

நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறோம். ஒரே வழிதான், அதே வளைவு.